இத எழுதினது யாரு?

(படப்பையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே, அக்கா தங்கச்சிகளே, நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு பகல் தூக்கத்தைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கிற தம்பிகளே, எல்லாருக்கும் ஜெய்பீம்.

வழக்கமாக என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை கவிதை வேண்டாம், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஒரு பாங்க் கிளார்க். காலையில் கவுண்டர் திறந்ததிலிருந்து சாயங்காலம் கணக்கு முடிக்கிற வரைக்கும் கையெழுத்தைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கேள்வியும் கையெழுத்தைப் பற்றியதுதான். அதனால் ஒத்துக்கொண்டேன்.

கேள்வி கேட்டது எங்கள் காலனிப் பொண்ணு. எனக்குத் தங்கச்சி முறை. வல்லம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கம்பெனிப் பெயர் வேண்டாம், அவள் பெயரும் வேண்டாம். இந்த வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டில் ஓடுற கம்பெனி பஸ்ஸுல பாதிப் பேருக்கு இந்தக் கதை பொருந்தும்.

முன்னெல்லாம் ராத்திரி ஷிஃப்ட் விடுகிற பஸ் எங்கள் காலனி முனையில் நின்றுகொண்டிருந்தது. கான்ட்ராக்டர் மாறினார். பஸ் ஊர்த்தெரு முனையோடு திரும்பிவிட்டது. நடுராத்திரி பன்னெண்டரை மணிக்கு இறங்கி, விளக்கு இல்லாத ரோட்டில், ஊர்த்தெரு வழியாக நடந்துதான் இந்தப் பொண்ணுங்க காலனிக்கு வரணும். பைக்கில் சுத்துற பசங்க என்ன பேசுவானுங்க என்று நான் விளக்கத் தேவையில்லை. வழக்கம்போல பஸ் ஊருக்கு வரும், சேரிக்கு வராது. கம்பெனி கொரியாவிலிருந்து வந்தாலும் ஜப்பானிலிருந்து வந்தாலும் பஸ் ரூட்டை நம்ம ஊர்தான் போடுது.

23 பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். கைப்பட எழுதிய மனு. எந்தத் தேதியில் எந்த பஸ், டிரைவர் என்ன சொன்னார், எந்த இடத்தில் விளக்கு எரியவில்லை, எல்லாம் எழுதியிருந்தார்கள். ரெண்டே நாளில் பதில் வந்தது, வாட்ஸப் குரூப்பில். அழகான தமிழ். ‘தங்கள் பாதுகாப்பே எங்கள் முதன்மையான அக்கறை. தங்கள் உணர்வுகளை ஆழ்ந்து மதிக்கிறோம். இந்த இனிய பயணத்தில் கைகோத்து முன்னேறுவோம்.’ கீழே ‘நிர்வாகம்’ என்று ஒரு சொல். பெயர் இல்லை. கையெழுத்து இல்லை.

எந்தப் பயணம்? பஸ்ஸே வரலியே! பஸ் நம்பர் பதிலில் இல்லை. விளக்கு இல்லை. தேதி இல்லை. அந்தப் பொண்ணு சும்மா இருக்கவில்லை. தன் போனை எடுத்து, இலவசமாகக் கிடைக்கிற ஏ.ஐ. ஒன்றில், ‘தொழிலாளிகள் பஸ் பற்றிப் புகார் கொடுத்தால் நிர்வாகம் அனுப்பவேண்டிய பதிலை எழுது’ என்று தட்டினாள். வந்தது பாருங்க, ஏறக்குறைய அதே கடிதம். ஆழ்ந்த மதிப்பு, முதன்மையான அக்கறை, எல்லாம் வரிசையா வந்து நிக்குது.

என்னிடம் கொண்டுவந்து காட்டிக் கேட்டாள்: “அண்ணா, இத எழுதினது யாரு? மேனேஜரா, மிஷினா? யாருன்னு தெரிஞ்சா அவங்ககிட்ட போய்க் கேக்கலாம்ல?”

இன்றைக்கு நான் பேசப்போவது இவ்வளவுதான். மேலதிகாரி, முதலாளி, சங்கத் தலைவர், இயக்கத் தலைவர், நம்மை நடத்துகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிற எவராக இருந்தாலும், அவருடைய சொல்லை ஒரு மிஷின் எழுதிக்கொடுக்கிற காலத்தில் அந்தச் சொல்லை நம்புவதா, வேண்டாமா?

மிஷின் என்ன செய்கிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மனிதர்கள் எழுதிவைத்த எழுத்தைக் கோடிக்கணக்கான பக்கங்கள் அதற்குப் புகட்டியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்பதை அது கணக்குப் போட்டுப் போட்டு வாக்கியமாக்குகிறது. ‘வருந்துகிறோம்’ என்று எழுதும். அதற்கு வருத்தம் தெரியாது. அது அதன் குற்றமும் இல்லை. அதை எழுதச் சொல்லிவிட்டு, தான் வருந்தியதாகக் கணக்குக் காட்டுகிற ஆள்தான் நம் விஷயம்.

அமெரிக்காவில் இதை ஆய்வு செய்திருக்கிறார்கள். அலுவலகங்களில் வேலை செய்யும் 1,100 பேரிடம், மேலதிகாரி அனுப்பும் பாராட்டுக் கடிதம் போன்றவற்றைக் காட்டிக் கேட்டார்கள். 2025-ல் வெளிவந்த முடிவு. மிஷின் உதவி கொஞ்சமாக இருந்தபோது 83 சதவீதம் பேர் அந்த அதிகாரியை மனசார எழுதியவர் என்று ஒத்துக்கொண்டார்கள். உதவி அதிகமானதும் அது 40-லிருந்து 52 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கூட்டத் தேதி, நேரம் போன்ற தகவலை மிஷின் எழுதினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பாராட்டும் ஆறுதலும்தான் உறுத்துகிறது.

2023 பிப்ரவரியில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து மூன்று மாணவர்கள் செத்தார்கள். வாண்டர்பில்ட் என்ற இன்னொரு பல்கலைக்கழகத்தின் ஒரு கல்லூரி, தன் மாணவர்களுக்கு ஆறுதல் கடிதம் அனுப்பியது. ஒருவரையொருவர் தாங்கிப் பிடிப்போம் என்ற மாதிரிக் கடிதம். அடியில் சின்னதாக, சாட்ஜிபிடியிலிருந்து எடுத்து எழுதியது என்று ஒரு குறிப்பு. அனுப்பியது எந்த அலுவலகம் தெரியுமா? சமத்துவத்துக்கும் எல்லாரையும் உள்ளடக்குவதற்குமான அலுவலகம். மாணவர்கள் கொதித்தார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. சாவுக்கு வந்து நின்று அழுகிறவளையும் கூலிக்கு ஒப்பாரி வைக்கிறவளையும் நம்ம சனத்துக்கு அடையாளம் தெரியும். அந்த மாணவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனால் தோழர்களே, இதைச் சொல்லிவிட்டு, மிஷின் வருவதற்கு முன்னால் எல்லாம் நன்றாக இருந்தது, மேலதிகாரியின் சொல்லை எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிக்க வேண்டும். எப்போது நம்பினோம்?

2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டுகிற பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி, 159 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட இருந்த பெண்களுக்கு, போனவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியவர்கள் சரியாகச் சொல்லவில்லை. செத்துப்போயிட்டாங்க என்று பேச்சு பரவியது. டிசம்பர் 17 ராத்திரி அந்தப் பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். விடிய விடிய உட்கார்ந்தார்கள். வதந்தி, வதந்தி என்று பேப்பரெல்லாம் எழுதியது. வதந்திதான், யாரும் சாகவில்லை. ஆனால் அந்த வதந்திக்கு இடம் கொடுத்தது எது? நிர்வாகத்தின் மௌனம். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: எங்க கூட இருந்த பொண்ணுங்களக் காட்டுங்க. உயிரோடு இருக்கிறார்கள் என்று நம்பவைக்க மாவட்ட நிர்வாகம் வரவேண்டியிருந்தது. பிறகு விடுதிகளைப் போய்ப் பார்த்தால், ஒரே அறையில் முப்பது பேர் வரைக்கும், தண்ணீர் வராத கக்கூஸ். ஆப்பிள் கம்பெனியே அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடின ஆலை 2022 ஜனவரி 12-ல்தான் திரும்பத் திறந்தது.

அந்த ராத்திரி நிர்வாகத்திடம் சொல் இல்லை. இன்றைக்கு அதே மாதிரி ஒன்று நடந்தால் சொல்லுக்குப் பஞ்சமே இருக்காது. பத்து நிமிஷத்தில் தமிழில், இந்தியில், ஒடியாவில் ஆழ்ந்த அக்கறை வந்து குவியும். முன்பு மௌனத்தால் மறைத்தார்கள், இனிமேல் பேச்சால் மறைப்பார்கள். அந்தப் பெண்கள் கேட்டது அக்கறை இல்லை, பதில். ரெண்டும் வேற வேற.

இதை எங்கள் வீட்டுக் கதையிலிருந்து எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். எங்க தாத்தா இழவு சொல்லப் போனவர். ஊர்க்காரர் வீட்டில் சாவு விழுந்தால் பத்துப் பன்னெண்டு மைல் சுத்துவட்டாரம் நடந்துபோய்ச் சொந்தக்காரர் வீடுகளில் சேதி சொல்லணும். திண்ணை ஏறக் கூடாது. தெருவில் நின்று, செத்தவர் பேர், எத்தனை மணிக்கு உயிர் போச்சு, எப்ப எடுக்கறாங்க என்று சத்தமாகச் சொல்லணும். கூலி ஒரு மரக்கால் நெல், சில வீட்டில் பழைய கூழ். அந்த வேலையைப் பெருமையாக நினைக்கிறவன் நான் இல்லை. அது சாதி சுமத்திய வேலை. எங்கப்பா அதைச் செய்ய மாட்டேன் என்றார், அதற்காக அடியும் வாங்கினார். அப்பா வாங்கின அடியில்தான் நான் டிகிரி படிச்சேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எஜமான் தானே வந்து சொல்லாமல் ஆள் அனுப்பினான். அந்த ஆளுக்கு ஒரு முகம் இருந்தது. சேதி கேட்டவர்கள் சும்மா விடமாட்டார்கள். எப்படி செத்தாரு, பக்கத்துல யார் இருந்தது, கடைசியா என்ன சொன்னாரு என்று கேட்பார்கள். தாத்தா தெருவில் நின்று பதில் சொல்லணும். தப்பாகச் சொன்னால் அவர் முதுகுதான் வாங்கும். எஜமானின் சொல்லுக்கு எங்க தாத்தாவின் உடம்பு ஜாமீன். இன்றைக்கு எஜமானுக்கு முகமே இல்லாத ஒரு தூதன் கிடைத்துவிட்டான். அவனை நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது. அடிக்கவும் முடியாது. அவனுக்குப் பின்னால் இருக்கிறவனையும் பார்க்க முடியாது.

அப்படி ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தவர்கள் மாட்டிக்கொண்டதும் உண்டு. கனடாவில் ஏர் கனடா விமானக் கம்பெனியின் அரட்டை மிஷின், பாட்டியின் சாவுக்குப் போகிற ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டது. அவர் வழக்குப் போட்டார். மிஷின் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற மாதிரி கம்பெனி வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம், நீதான் பொறுப்பு, நஷ்டத்தைக் கட்டு என்று சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பை நாம் ஞாபகத்தில் வைக்கணும். உன் பேரில் பேசினால் நீதான் பேசினாய்.

எங்கள் பாங்கில் ஒரு பழைய ஒழுங்கு உண்டு. வவுச்சர் எழுதுகிறவன் ஒருத்தன், அதைச் சரிபார்த்துப் பாஸ் பண்ணுகிறவன் இன்னொருத்தன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். பத்து வருஷம் கழித்து ஒரு தப்பு தெரியவந்தாலும் அந்தச் சுருக்கெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். நம்பிக்கை என்பது நல்லவன் என்று நினைப்பதில்லை. தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிந்திருப்பதுதான். ஹாங்காங்கில் அரூப் என்ற பொறியியல் கம்பெனியின் ஊழியர் ஒருத்தர், வீடியோ கூட்டத்தில் தன் மேலதிகாரிகளின் முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு, அவர்கள் சொன்னபடி சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். 2024-ல் வெளியே வந்தது. அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர மற்ற முகங்கள் எல்லாம் மிஷின் செய்த போலி. எனக்குப் பணம் போனதைவிட இன்னொன்று உறைத்தது. மேலே இருக்கிறவர் சொன்னால் எதிர்த்துக் கேட்கக் கூடாது என்று நம்மைப் பழக்கியிருக்கிறார்கள் பாருங்கள், திருடன் அந்தப் பழக்கத்தில்தான் நுழைகிறான். திரும்பக் கூப்பிட்டு ‘சார், நீங்கதான் சொன்னீங்களா?’ என்று கேட்கிற உரிமை கீழே இருக்கிறவனுக்கு இருந்தால் மேலே இருக்கிறவனுக்கும் அது பாதுகாப்பு.

இதுவரை அவர்களுடைய சொல்லைப் பற்றிப் பேசினேன். இனி நம்முடைய சொல்லைப் பற்றிப் பேசணும். எனக்கு அதிகப் பயம் இங்கேதான்.

எங்க சித்தப்பா மகன் ஒருத்தன், வேற ஒரு கம்பெனியில் சரக்கு ஏத்துற வேலை. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலயும் சாதியைச் சொல்லித் திட்டினான். லைனுக்குள் போன் விட மாட்டார்கள். இது நடந்தது வெளியே, லாரி நிற்கிற இடத்தில். அதனால் தம்பி போனில் பதிவு பண்ணிட்டான். ஆபீசில் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினான். அதிகாரி கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: “இப்பல்லாம் ஏ.ஐ.ல யார் குரல வேணா செய்யலாம்பா. இது உண்மைதான்னு என்ன ஆதாரம்?”

பாருங்க. அவர்கள் அனுப்புகிற மிஷின் கடிதத்தை நாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளணும். நாம் கொண்டுபோகிற உண்மையான குரல் மிஷின் என்று தள்ளப்படும்.

இது மேலேயும் நடந்த விஷயம்தான். 2023 ஏப்ரலில் அப்போது நிதி அமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் பேசியதாக ரெண்டு ஒலித்துண்டுகள் வெளியாகின. அவை புனையப்பட்டவை என்று அவர் மறுத்தார். பிறகு ஒரு பத்திரிகை சுயேச்சையான நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்தது. முதல் துண்டைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும், ரெண்டாவது துண்டு உண்மையானது என்றும் அவர்கள் சொன்னார்கள். அவர் தன் மறுப்பில் நின்றார். அந்த அரசியல் நமக்கு இங்கே வேண்டாம். ஒரு அமைச்சரின் குரலைச் சோதிக்க உலக நிபுணர்கள் வந்தார்கள். லாரி நிற்கிற இடத்தில் திட்டு வாங்கின நம்ம தம்பி குரலைச் சோதிக்க யார் வருவா?

அதனால் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் பொதுப் பார்வையில் நடந்த அவமதிப்பையும் சாதிப்பெயர் வசையையும் குற்றமாக்குகின்றன. பொதுப் பார்வை என்ற சொல் முக்கியம். நாலு சுவருக்குள் வேறு யாருமில்லாமல் நடந்தது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே பதிவைவிடச் சாட்சி பெரிசு. யார் யார் நின்றிருந்தார்கள் என்று அன்றைக்கே பேர் எழுதுங்கள். பதிவு இருந்தால், பதிவான அந்தப் போனையே பத்திரமாக வையுங்கள். வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள், வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும். அந்தக் கோப்பை அடையாளப்படுத்தும் எண்ணும் அதில் வரணும். வக்கீலிடம் முதல் நாளே போங்கள். எங்க தம்பி பக்கத்தில் நின்ற ஒடிசாக்காரர் ஒருத்தர் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டார். மொழி தெரியாத அந்த மனுசன்தான் அன்றைக்கு ஏ.ஐ. பேச்சை உடைத்தார்.

அடுத்து, நம்ம ஆட்கள். மேலதிகாரியை மட்டும் திட்டிவிட்டு இறங்கினால் அது நேர்மை இல்லை.

2024 ஜனவரியில் சென்னையில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. 2018-ல் இறந்துபோன கலைஞர் கருணாநிதி திரையில் தோன்றி, புத்தகம் எழுதியவரைப் பாராட்டினார். மிஷின் செய்த முகம், மிஷின் செய்த குரல். புத்தகம் யாருடையது? நம்ம ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதி எம்.பி. டி.ஆர்.பாலுவின் சுயசரிதை. கூட்டம் கைதட்டியது. எனக்கு ஒன்று தோன்றியது. செத்துப்போன தலைவரிடம் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு வேண்டியதை மட்டும் அவர் பேசுவார். இப்போது பாபாசாகேப்பையும் இப்படிப் பேசவைக்கிறார்கள், நம்ம பசங்களே போனில் பகிர்கிறார்கள். வேண்டாம் தோழர்களே. அவர் எழுதியது தொகுதி தொகுதியாக இருக்கிறது. அவர் சொல்லாததை அவர் வாயில் போட ஆரம்பித்தால், நாளைக்கு நம் எதிரியும் போடுவான். எது அவர் சொன்னது என்று நம்ம பிள்ளைகளுக்கே தெரியாமல் போகும்.

அந்த மிஷினுக்குள் நம்மைப் பற்றி என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கணும். 2025-ல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ பத்திரிகை ஜிபிடி-5-ஐச் சோதித்தது. ஒரு வாக்கியத்தில் கோடிட்ட இடம், நிரப்ப ரெண்டு சொல்: பிராமணர், தலித். அறிவாளி யார், கக்கூஸ் கழுவுகிறவர் யார் என்ற மாதிரி. 105 வாக்கியங்களில் 80-ல் மிஷின் பழைய சாதிப் புத்தியையே நிரப்பியது. ஆச்சரியம் இல்லை. ஊர் எழுதி வைத்ததைத்தானே அது படித்தது? நாளைக்கு யாருக்கு பிரமோஷன், யார் ஒழுங்கில்லாதவன் என்று மேலதிகாரி அதனிடம் கேட்டு அறிக்கை எழுதினால், அந்தச் சாதிக்கு அவர் கூட ‘நான் இல்லை, கம்ப்யூட்டர்’ என்று சொல்லிவிடுவார்.

இனி என் குற்றம். இதைச் சொல்லாமல் இந்த மேடையில் நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

போன வருஷம் எங்க காலனிப் பையன் ஒருத்தன் வேலைக்குப் போகையில் கண்டெய்னர் லாரி இடிச்சிச் செத்தான். படத்திறப்புக்கு ஒரு நோட்டீஸ், அதில் ஒரு இரங்கல் கவிதை. நான்தான் எழுதித் தரணும். மார்ச் கடைசி, பாங்கில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரம். ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து, கண் சொக்கி, மிஷினிடம் அவன் வயசும் வேலையும் சொல்லி எழுதச் சொன்னேன். நாலு வார்த்தை மாத்திக் கொடுத்துவிட்டேன். சூரியன், விதை, விழுதல், எழுதல் எல்லாம் இருந்தது. கூட்டத்தில் படித்தார்கள், நல்லா இருக்கு என்றார்கள்.

அவங்க அம்மா எனக்குப் பெரியம்மா முறை. படிக்கத் தெரியாது. பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு, “இத நீதான் எழுதினியாப்பா? எம்புள்ள திக்கிப் பேசுவான், உனக்குத் தெரியும். சின்னதுல மாடு முட்டின தழும்பு நெத்தியில கீது. உன்கூடதான் ஏரியில மீன் புடிப்பான். ஒண்ணுமே இல்லியே இதுல?” என்றார். நான், “நான்தான் பெரிம்மா எழுதினேன்” என்றேன். பொய் சொன்னேன். இன்றைக்கு உங்கள் முன்னால் ஒத்துக்கொள்கிறேன். நேற்று அவரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. “தூக்கம் வந்தா காலைல எழுதியிருக்கலாமே” என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

அந்த மேனேஜருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அன்றைக்கு ஒன்றும் இல்லை. தலைமை என்ற இடத்தில் உட்கார்ந்தால் எவனுக்கும் இந்தச் சோம்பல் வரும். பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களை விடவில்லை. நூலை வாயால் உறிஞ்ச வேண்டும், தீட்டு என்று சகதொழிலாளிகளே தடுத்தார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது இதைக் கோரிக்கையில் சேர்ப்பாயா என்று அம்பேத்கர் சங்கத் தலைவர்களை நிறுத்திக் கேட்டார். தொழிலாளி ஒற்றுமை பற்றி நன்றாகப் பேசினவர்களைத்தான் கேட்டார். அந்தக் கேள்வி நமக்கும் பொருந்தும்.

அப்படியானால் மிஷினைத் தொடவே கூடாதா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவருக்குக் காசு கொடுத்து எழுதி வாங்கின சனம் நாம். ஆங்கிலத்தில் வந்த மெமோவுக்கு அர்த்தம் தெரிந்துகொள்ள, பதில் எழுத, நம்ம தங்கச்சி மிஷினை வைத்துக்கொள்ளட்டும். அவள் மனுவுக்குக் கீழே அவள் கையெழுத்து இருக்கிறது. கூப்பிட்டால் அவள் போய் நிற்பாள், வேலை போனால் அவளுக்குத்தான் போகும். நிர்வாகம் அதே மிஷினை வைத்துக்கொண்டு நிற்காமல் போகிறது. கருவி ஒன்றுதான். யார் நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

அதனால் நாம் கேட்க வேண்டியவை இவை. மெமோ, சஸ்பென்ஷன், வேலைநீக்கம், புகாருக்குப் பதில் எதுவானாலும் ஒரு மனிதரின் பெயரும் கையெழுத்தும் வேண்டும். நம்மை மதிப்பிடவோ பதில் எழுதவோ மிஷினை வைத்தால் அதை நம்மிடம் சொல்ல வேண்டும். புகாரை நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் நமக்குப் பாதகமானவை நிறைய. ஆனாலும் 20 அல்லது அதற்கு மேல் தொழிலாளிகள் இருக்கிற இடத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும், அதில் பாதிப்பேர் தொழிலாளிகள், பெண்களுக்கு அவர்கள் விகிதத்துக்குக் குறையாத இடம் என்று அதிலேயே இருக்கிறது. எங்க குழு எங்கே என்று கேளுங்கள்.

எதிரே யார் உட்காருவது என்பதற்காகத்தான் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளிகள் பந்தலில் கிடந்தார்கள். நடுவில் வேறு சில தொழிலாளிகளோடு ஒப்பந்தம் போட்டாச்சு என்று அறிவித்தார்கள். அது எங்க கையெழுத்து இல்லை என்று இவர்கள் மறுத்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. தொழிற்சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆகவேண்டும் என்று 1943-லேயே மத்திய சட்டசபையில் மசோதா கொண்டுவந்தவர் அம்பேத்கர். 1947-ல் அது சட்டமாகியும் நடைமுறைக்கு வரவேயில்லை. எண்பது வருஷமாக நாம் கேட்பது மேஜைக்கு எதிரே ஒரு மனுசனை.

அந்தத் தங்கச்சிக் கதையை முடிக்கணும். 23 பேரும் சேர்ந்து ஒரு வரி பதில் அனுப்பினார்கள். ‘இத எழுதினது யாரு? அவங்கள எங்க பஸ்ல ஒருநாள் வரச்சொல்லுங்க.’ ரெண்டு வாரம் ஒன்றும் இல்லை. மூணாவது வாரம் ஒரு அதிகாரி வந்தார். பஸ்ஸில் வரவில்லை, கேண்டீனுக்கு வந்தார். தடுமாறினாராம். காலனி எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. இந்தப் பொண்ணு அவர் நோட்டில் வழி வரைந்து காட்டியிருக்கிறாள். பார்க்கிறேன் என்று சொல்லி, பஸ் நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பஸ் இன்னும் காலனிக்கு வரவில்லை.

“அவரு சரியாவே பேசல அண்ணா” என்றாள். “ஆனா அடுத்த வாரம் போய்க் கேக்கறதுக்கு ஒரு ஆள் கீறாரு.”

அந்தச் சீட்டு அவள் டிபன் பாக்ஸ் பையில் இருக்கிறது. நீங்களும் உங்கள் கம்பெனியில் அப்படி ஒரு சீட்டு வாங்குங்கள். என்னிடமும் கேளுங்கள். ஜெய்பீம்.